சத்தியக் கடதாசி

டொலர் ஏறிய மாதத்திலிருந்து
கணக்குப் பிரிவுப் பெரோசா
என் மேசையடியில் வந்து நின்று மூச்சு விடுகிறாள்.
"படங்களுக்குக் கட்டுற வாடகை
இந்தக் கட்டடத்து வாடகையத் தாண்டிட்டு, கேதா."

நாற்பது இலட்சம் படங்கள்.
நெளிந்த பம்பர், உடைந்த பக்கக் கண்ணாடி,
ஆறு புகுந்த கொலன்னாவையில்
இருக்கை வரை சேறு குடித்த த்ரீவீலர்கள்.
நட்டஈடு கேட்டவர்கள் எடுத்தனுப்பியவை
கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு வாளியில் கிடக்கின்றன.
வாளி என்றுதான் அதற்குப் பெயர்.
தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஆசை.

இன்னொரு நிறுவனம் பாதி விலைக்கு வாளி தருகிறது.
"உங்கள் நிரல் கதைக்கும் பாஷை எங்களுக்கும் தெரியும்."
நடுவில் மெல்லிய ஓர் அடுக்கு;
பழைய வீட்டுக்காரனின் குரலில் கதவு திறக்கும்,
பழைய சொற்களுக்கே பதில் சொல்லும்,
நிரலுக்கு வீடு மாறியதே தெரியாது.
மாற்ற வேண்டியது ஒரு விலாசம், இரண்டு திறப்பு.
அப்படித்தான் நம்பினோம் இந்துனிலும் நானும்,
வெள்ளி இரவு, கொள்ளுப்பிட்டி, ஏழாம் மாடி,
கொத்துப் பொதி ஆறிக்கொண்டிருக்க.

போடு என்றோம், போட்டது.
எடு என்றோம், எடுத்தது.
பட்டியல் கேட்டோம்,
ஆயிரம் ஆயிரமாய் ஒப்புவித்தது.
"ஹரி" என்றான் இந்துனில்.
கரையோர ரயில் போக, கண்ணாடி அதிர்ந்தது.

பிறகுதான் கண்டேன்.
ஏழு வருடம் அழியாமல் வைத்திரு என்று
பூட்டச் சொன்ன கோப்புகளுக்கு
"சரி" என்று பதில் வந்திருந்தது.
பூட்டு இல்லை.

தெரியாது என்றிருந்தால் திட்டியிருக்க மாட்டேன்.
தெரியாததற்குச் சரி சொல்லும் வித்தை எனக்கும் தெரியும்.
முதல் வேலையில் இரண்டு வருடம்
அரைவாசி விளங்கிய சிங்களப் பகிடிகளுக்கு
எல்லாரும் சிரித்து ஒரு நொடி கழித்துச் சிரித்தவள் நான்.
ஒரு நாள் அது பகிடியில்லை.
ஒருத்தியின் அப்பா செத்த செய்தி.

பூட்டை நாங்களே எழுதினோம், ஒரு மணி வரை.

அடுத்தது கைரேகை.
துண்டு துண்டாய் ஏற்றிய பெரிய கோப்புகளுக்கு
அங்கே ஒரு ரேகை, இங்கே இன்னொன்று.
திறந்தால் அதே காணொளி:
தெமட்டகொட மேம்பாலம், மழை,
நிற்காமல் போகும் பஸ்ஸின் பின்பக்கம்.
ஒரு புள்ளி பிசகவில்லை.
வெட்டிய அளவுதான் வேறு.
சரிபார்க்கும் நிரல் மட்டும் விடாமல் கத்துகிறது,
இது அதில்லை, இது அதில்லை.

அடையாள அட்டையில் நான் கேதாரகௌரி.
பிறப்புச் சான்றிதழில் கேதாரகவுரி.
கடவுச்சீட்டில் ஒரு எச் குறைவு.
வங்கியில் அப்பாவின் பெயர்தான் நான்.
பம்பலப்பிட்டியில் சமாதான நீதவான் முன்னால்
முத்திரை ஒட்டிச் சத்தியக் கடதாசி முடித்திருக்கிறேன்,
மூன்று தடவை:
மேற்சொன்ன பெயர்கள் யாவும் ஒரே ஆளையே குறிக்கும்.

அதையேதான் இப்போதும் எழுதினேன்.
இடப்பக்கம் பழைய ரேகை, வலப்பக்கம் புதியது,
பதினெண்ணாயிரத்துச் சொச்சம் வரிகள்.
மேலே இந்துனிலுக்கு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு.
கீழே, யாருக்கென்று தெரியாமல், தமிழில்:
மேற்சொன்னவை யாவும் ஒன்றே.
இயந்திரம் அந்த வரியைப் படிக்காது. தாண்டிப் போகும்.

திங்கள் காலை பெரோசாவிடம் சொல்ல ஒன்று பாக்கி.
பழைய வீட்டிலிருந்து சாமான் வெளியே எடுக்கவும் காசு,
நிறைக்கு, டொலரில்.
"புது இடத்திலயும் ஏத்தினா?" என்பாள்.
ஏற்றுவார்கள்.
விலாச வரியை அதனால்தான்
தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்,
கட்டிப் போகக் கயிறு வைத்திருக்கும் வாடகைக் குடித்தனம்போல.

கொத்து விறைத்துவிட்டது.
இருந்தாலும் தின்றோம்,
ஒரே கரண்டியால், மாறி மாறி.